500 கோடியில ஒண்ணு

கார் விபத்துல ஒரு அமெரிக்கர் சாகறதுக்கு வருஷத்துக்கு 4,000-ல ஒரு வாய்ப்பு. இடி விழுந்து சாக 20 லட்சத்துல ஒண்ணு. நாடு முழுக்க 100 அணு உலை ஓடினாலும், அதுல ஏற்படற விபத்தால சாக 500 கோடியில ஒண்ணு. 1975 அக்டோபர்ல அமெரிக்க அரசு வெளியிட்ட ஒரு அறிக்கையோட சுருக்கத்துல இருந்த கணக்கு இது. கூடவே ஒரு வரைபடமும் உண்டு. அணு உலையால வர்ற ஆபத்தும், வானத்துல இருந்து விண்கல் விழுந்து வர்ற ஆபத்தும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல இருக்குன்னு அது சொல்லும். அந்த அறிக்கைக்கு வாஷ்-1400-னு பேரு. தலைமை தாங்கின எம்ஐடி பேராசிரியர் நார்மன் ராஸ்முசன் பேரால ராஸ்முசன் அறிக்கைன்னும் சொல்வாங்க.

மூணரை வருஷம் கழிச்சு, 1979 மார்ச் 28 அன்னைக்கு, பென்சில்வேனியாவுல த்ரீ மைல் ஐலண்ட் 2-வது உலை பாதி உருகிப்போச்சு.

இதைச் சொன்னதும் "பாத்தியா, கணக்கெல்லாம் டுபாக்கூர்"னு ஒரு கூட்டம் கிளம்பும். இன்னொரு கூட்டம் "யாரும் சாகலையே, அப்ப கணக்கு சரிதானே"ன்னு வரும். அணு உலை வேணுமா வேணாமாங்கற அந்தச் சண்டைக்கு இந்தப் பதிவு இல்லைங்க. கூடங்குளம் சமயத்துல அதைப் போதும் போதுங்கற அளவுக்குப் போட்டாச்சு. எனக்கு ஆச்சரியமா இருக்கறது வேற ஒண்ணு. உலை உருகின விதம் அந்த அறிக்கைக்கு உள்ளேயே இருந்தது. எல்லாரும் முதல் சில பக்கத்துல இருந்த எண்ணைப் படிச்சாங்க, பின்னாடி இருந்த பட்டியலைப் படிக்கல.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1957 மார்ச்ல ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் வாஷ்-740-னு ஒரு அறிக்கை கொடுத்தது. பத்து லட்சம் பேர் வாழற நகரத்துக்கு 30 மைல் தள்ளி ஒரு நடுத்தர உலை இருக்கு, எல்லாம் தப்பாப் போச்சுன்னா என்ன ஆகும்னு கேள்வி. பதில்: மோசமான பட்சத்துல 3,400 சாவு, 43,000 பேருக்குக் காயம், 700 கோடி டாலர் சொத்து நஷ்டம். எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசி குடுக்கும்? அதே வருஷம் ப்ரைஸ்-ஆண்டர்சன் சட்டம் வந்தது. விபத்து நடந்தா மொத்த நஷ்டஈட்டுக்கு 56 கோடி டாலர் உச்சவரம்பு, அதுல 50 கோடியை அரசே ஏத்துக்கும். 700 எங்கே, 56 எங்கே! ஆக, அணு மின்சாரத்தோட வரலாறுல விபத்துக் கணக்கு பிறந்ததே காப்பீட்டுத் தொட்டில்லதான்.

வாஷ்-740-ல விளைவு இருந்தது, வாய்ப்பு இல்லை. "நடந்தா என்ன ஆகும்"னு சொன்னாங்க. "நடக்க எவ்வளவு சான்ஸ்"னு உறுதியா யாராலயும் சொல்ல முடியல. அதனால பாதுகாப்பு ஆளுங்க வேற வழி பிடிச்சாங்க. நம்பத்தகுந்த மிகப்பெரிய விபத்து எதுவோ அதை எடுத்துக்க. அதாவது இருக்கறதுலயே பெரிய குழாய் ரெண்டா முறிஞ்சு தண்ணி மொத்தமும் பீச்சி அடிக்குது. அதைத் தாங்கற மாதிரி கட்டிட்டா சின்னது எல்லாம் தன்னால அடங்கிடும். கேக்க நியாயமாத்தான் இருக்கு. லாரி ஏறினாலே உடையாத பாலம் சைக்கிளுக்கா உடையப் போகுது?

1967-ல பிரிட்டன்காரர் எஃப். ஆர். ஃபார்மர் இந்த வாதத்தை முதல்ல அசைச்சார். விபத்தை "நம்பலாம், நம்ப முடியாது"ன்னு ரெண்டு கூடையில போடாதே. ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பெருசுன்னு கோடு போட்டுப் பாருன்னார். அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்க அமெரிக்கர்கள் 1972-ல உக்காந்தாங்க. அதுதான் ராஸ்முசன் குழு. ப்ரைஸ்-ஆண்டர்சன் சட்டத்தைப் புதுப்பிக்கற நேரமும் நெருங்கிட்டிருந்ததுங்கறதையும் மனசுல வெச்சுக்குங்க.

ரெண்டு உலையை எடுத்தாங்க. வர்ஜீனியாவுல சர்ரி, பென்சில்வேனியாவுல பீச் பாட்டம். முதல்ல ஃபால்ட் ட்ரீ போட்டுப் பார்த்தாங்க. மினிட்மேன் ஏவுகணைக்காக பெல் ஆய்வுக்கூடத்துல 60-கள் தொடக்கத்துல பிறந்த முறை அது. "உலை உருகுது"ன்னு உச்சியில எழுதி, ஏன், ஏன், ஏன்னு கீழே கிளை விரிச்சுட்டே போகணும். மரம் ஆலமரமா விரிஞ்சு கட்டுக்கடங்காமப் போச்சு. அதனால இன்னொரு மரத்தை முன்னாடி நட்டாங்க. அது ஈவண்ட் ட்ரீ. இது கீழேர்ந்து மேல போகாது, காலத்தோட போகும். ஏதோ ஒண்ணு நடந்துச்சு. உலை நின்னுச்சா? ஆமா, இல்ல. தண்ணி வந்துச்சா? ஆமா, இல்ல. கரண்ட் இருக்கா? ஆமா, இல்ல. பொட்டி தட்டறவங்களுக்கு விளக்கமே வேண்டாம், இஃப்-எல்ஸ்தான் :-) ஒவ்வொரு "இல்ல"வுக்கும் ஒரு எழுத்து. எழுத்தைக் கோத்தா ஒரு விபத்தோட பேரு கிடைக்கும்.

இந்த எழுத்துங்களைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும். டி-ன்னா உலையோட ஓட்டத்துல ஏதோ ஒரு திடீர் இடைஞ்சல். எம்-னா வழக்கமா வெப்பத்தைக் கடத்தற நீராவிப் பக்கம் போச்சு. எல்-னா மாற்றுத் தண்ணி பம்பும் வரல. க்யூ-ன்னா அழுத்தம் குறைக்கத் திறந்த வால்வு திரும்ப மூடல. யூ-ன்னா உலைக்குள்ள தண்ணி சேர்க்கற ஏற்பாடு வேலை செய்யல. பி-க்கு மேல ஒரு சின்னக் கோடு போட்டா, போன கரண்ட் சில மணி நேரத்துக்குள்ள திரும்பி வரலைன்னு அர்த்தம்.

மரங்களை எல்லாம் கூட்டிப் பெருக்கினா வந்த பதில், ஒரு உலையோட மையம் உருக வருஷத்துக்கு சுமார் 20,000-ல ஒரு வாய்ப்பு. அதுவரைக்கும் பலரும் நினைச்சிருந்ததைவிட இது அதிகம். ஆனா உருகினாலும் பெரும்பாலான சமயம் வெளியே பெரிய சேதம் வராதுன்னும் கணக்கு சொன்னது. ரெண்டையும் சேர்த்தாத்தான் அந்த 500 கோடி.

என்னைக் கேட்டா அறிக்கையோட தங்கச் சுரங்கம் இந்த எண் இல்லை. எந்தக் கிளை பெருசுங்கறதுதான். பெரிய குழாய் முறியறது முக்கியமான கிளையே இல்லைன்னு தெரிஞ்சது! ஆபத்துல பெரும் பங்கு சின்ன ஓட்டைக்கு, அன்றாட இடைஞ்சலுக்கு, மனுஷத் தப்புக்கு. காரணம் எளிசுதான். பெரிய குழாய் முறியறது அபூர்வம். முறிஞ்சாலும் அழுத்தம் சட்டுனு இறங்கிடும், பெரிய பம்புங்க தாராளமா தண்ணி கொட்டும், யாரும் யோசிக்கவே வேண்டாம். சின்ன ஓட்டை அடிக்கடி வரும். அழுத்தம் முழுசா இறங்காது, அதனால பெரிய பம்பால உள்ளே தள்ள முடியாது. நேரம் இழுக்கும். நேரம் இழுத்தா மனுஷன் நடுவுல வருவான், மீட்டரைப் பார்ப்பான், முடிவெடுப்பான். லாரிக்கு உடையாத பாலம் சைக்கிளுக்கு உடையும்னு 1975-லயே எழுதி வெச்சாச்சு.

எண்ணுல ஓட்டை இருந்தது வாஸ்தவம். ரெண்டு பம்ப் இருக்கு, ஒவ்வொண்ணும் 100 தடவைக்கு ஒரு தடவை மக்கர் பண்ணும்னா, ரெண்டும் சேர்ந்து மக்கர் பண்ண 10,000-ல ஒண்ணுன்னு பெருக்கலாம். ஆனா அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருந்தாத்தான். நம்ம வீட்டுல மெயின் லைனும் இன்வெர்ட்டரும் ஒரே போர்டுல இருக்கு, அந்த போர்டுல தண்ணி ஒழுகினா? அறிக்கை வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் நடுவுல, 1975 மார்ச் 22 அன்னைக்கு, அலபாமாவுல ப்ரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்துல இதுவே நடந்தது. சுவர் ஓட்டை வழியா காத்து கசியுதான்னு ஒருத்தர் மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அடைச்சிருந்த நுரைப் பஞ்சு பத்திக்கிச்சு. சுமார் 1,600 கேபிள் போச்சு. தனித்தனின்னு பெருக்கி வெச்சிருந்த அவசரக் குளிர்விப்பு அமைப்புங்க 1-வது உலையில ஒட்டுமொத்தமா படுத்துது. ஒரு மெழுகுவர்த்தி!

இயற்பியலாளர் ஹரால்ட் லூயிஸ் தலைமையில ஒரு மறு ஆய்வுக் குழு போட்டாங்க. 1978 செப்டம்பர்ல அவங்க அறிக்கை வந்தது. ரொம்ப நேர்மையான அறிக்கைன்னு எனக்குத் தோணும். எண் அதிகமா குறைவான்னு எங்களால சொல்ல முடியல. ஆனா அதுல எவ்வளவு பிழை இருக்கலாம்ங்கறதை ரொம்பக் குறைச்சுக் காட்டியிருக்காங்க. சுருக்கம் உள்ளே இருக்கறதைச் சரியாப் பிரதிபலிக்கல. ஆனா முறை நல்ல முறை, இன்னும் அதிகமாப் பயன்படுத்துங்க. சின்ன ஓட்டை, இடைஞ்சல், மனுஷத் தப்பு இதெல்லாம் முக்கியம்னு அறிக்கை காட்டியிருக்கு, உங்க ஆராய்ச்சியிலயும் விதிகள்லயும் அதுக்கேத்த கவனம் இல்லைன்னாங்க. இதை எல்லாம் இவங்க சொன்னது விபத்துக்கு ஆறு மாசம் முன்னாடி.

1979 ஜனவரி 19 அன்னைக்கு அணு ஒழுங்குமுறை ஆணையம் அந்தச் சுருக்கத்துக்குக் குடுத்திருந்த ஆதரவை வாபஸ் வாங்கிச்சு. மொத்த ஆபத்துன்னு சொன்ன எண்ணை நம்பகமானதா கருதலைன்னுச்சு. எதிர்ப்பாளர்களுக்குக் கொண்டாட்டம், தொழில்துறைக்கு வருத்தம். ரெண்டு தரப்பும் பேசினது அந்த எண்ணைப் பத்தித்தான். சின்ன ஓட்டை அங்கேயே கிடந்தது. அதுலேர்ந்து 68-வது நாள் த்ரீ மைல் ஐலண்ட்.

அதுக்கு முன்னாடி இன்னொரு கதை இருக்கு. 1977 செப்டம்பர் 24. ஒஹாயோவுல டேவிஸ்-பெஸ்ஸி உலை. கட்டினது பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனி. தண்ணி வரத்து நின்னது, அழுத்தம் ஏறிச்சு, அழுத்தம் குறைக்கிற வால்வு திறந்துச்சு, திரும்ப மூடல. க்யூ! மீட்டர்ல தண்ணி மட்டம் ஏறுதுன்னு பார்த்து ஆபரேட்டர்கள் அவசரத் தண்ணியைக் குறைச்சாங்க. யூ! நல்லவேளையா உலை அப்ப 9 சதவீத சக்தியிலதான் ஓடிட்டிருந்தது. 20 நிமிஷத்துல ஒருத்தர் கண்டுபிடிச்சு வேற வால்வை வெச்சு அடைச்சுட்டார். சேதம் இல்லை.

கம்பெனிக்குள்ள பெர்ட் டன்னுங்கற பொறியாளர் இதைப் பார்த்துப் பதறினார். 1978 பிப்ரவரியில ஒரு குறிப்பு எழுதினார். முழு சக்தியில ஓடும்போது இது நடந்திருந்தா மையம் தண்ணிக்கு வெளியே வந்திருக்கும், எரிபொருள் சேதமாகியிருக்கலாம், ஆபரேட்டர்களுக்கு உடனே புது அறிவுறுத்தல் அனுப்பணும்னார். குறிப்பு ஒரு துறைக்குப் போச்சு. அவங்களுக்கு ஒரு சந்தேகம், அதை இன்னொரு துறைக்கு அனுப்பினாங்க. அங்கேர்ந்து பதில் வரல. வாடிக்கையாளர் யாருக்கும் அறிவுறுத்தல் போகல. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துல கார்ல் மைக்கல்சன்ங்கறவரும் தனியா உக்காந்து கணக்குப் போட்டு, இந்த வகை உலையில சின்ன ஓட்டை விழுந்தா தண்ணி மட்டக் கருவி ஏமாத்தும்னு எழுதி, அதே கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். டிக்கெட் ரெண்டு. சீரியஸா எடுத்தவங்க யாரும் இல்லை. நம்ம தொழில்ல இதைப் பார்க்காதவங்க கை தூக்குங்க.

1979 மார்ச் 28, விடியக்காலை 4 மணி. டி: தண்ணி பம்புங்க நின்னுச்சு. எம்: டர்பைன் நின்னுச்சு. சில நொடியில வால்வு திறந்துச்சு. 8-வது நொடியில உலையோட அணுப்பிளவு சரியா நின்னது. எல்: மாற்றுத் தண்ணி பம்புங்க ஓடிச்சு, ஆனா வழியில இருந்த வால்வுங்களை யாரோ மூடி வெச்சிருந்தாங்க. 8 நிமிஷத்துல கண்டுபிடிச்சுத் திறந்துட்டாங்க. க்யூ: 13-வது நொடியில மூடியிருக்க வேண்டிய வால்வு மூடல. குக்கர்ல விசில் தூக்கி, தூக்கினபடியே மாட்டிக்கிட்ட மாதிரி.

கட்டுப்பாட்டு அறையில அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. அணைஞ்சா மூடியாச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. உண்மையில அது காட்டினது, மூடச் சொல்லி மின்சாரக் கட்டளை போச்சுங்கறதை மட்டும். வால்வு கேட்டுச்சாங்கறதை இல்லை. ரிக்வெஸ்ட் அனுப்பியாச்சுன்னு பச்சை டிக் காட்டற திரை மாதிரின்னு வெச்சுக்குங்க.

விளக்கு அணைஞ்சிருந்தது. நூத்துக்கு மேல அலாரம் கத்துது. அலாரத்தை அச்சடிக்கற பிரிண்டர் ரெண்டு மணி நேரத்துக்கு மேல பின்தங்கிப் போச்சு. தண்ணி மட்டம் ஏறுதுன்னு மீட்டர் சொல்லுது. அந்த மீட்டர் இருந்தது உச்சியில இருக்கற அழுத்தத் தொட்டியில. ஓட்டையும் அங்கேயே. கீழே உலைக்குள்ள தண்ணி நீராவியா மாறி மேலே தள்ளிட்டிருக்கு. மையத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு நேராக் காட்ட ஒரு கருவியும் இல்லை. தொட்டி நிறைஞ்சிடக் கூடாதுங்கறது அவங்களுக்கு ஊட்டின பாலபாடம். கடற்படை நீர்மூழ்கியில வேலை பார்த்து வந்தவங்களுக்கு இது ரத்தத்துலயே ஊறினது. அதனால நல்லா ஓடிட்டிருந்த அவசரத் தண்ணியைக் கையால குறைச்சாங்க. யூ. பம்ப் கெடல, மனுஷன் குறைச்சான். டேவிஸ்-பெஸ்ஸியில நடந்தது அப்படியே மறுபடி. ஒரே வித்தியாசம், இந்த உலை கிட்டத்தட்ட முழு சக்தியில இருந்தது.

6 மணி 22 நிமிஷத்துக்கு வால்வுக்கு முன்னாடி இருந்த அடைப்பு வால்வை மூடினாங்க. சொன்னது அடுத்த ஷிஃப்டுக்கு அப்பதான் உள்ளே வந்த ஒருத்தர். அதுக்குள்ள மையம் உருக ஆரம்பிச்சிருந்தது. எவ்வளவு உருகிச்சுன்னு தெரியவே 1982-ல கேமரா இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட பாதி. சுமார் 20 டன் உருகின குழம்பு கலத்தோட அடியில போய் உக்காந்திருந்தது. கலம் தாங்கிடுச்சு. வெளியே போன கதிர்வீச்சு குறைவு. ஆனா மார்ச் 30 அன்னைக்கு கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் 5 மைல் வட்டத்தை விட்டுப் போகலாம்னு ஆளுநர் சொன்னதும், சுமார் 1,40,000 பேர் ஊரைவிட்டுக் கிளம்பினாங்க. எண்ணுல இவங்களுக்கு இடம் இல்லை. சாவை மட்டும் எண்ணின அட்டவணை அது.

விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? ஜான் கெமனி. பேசிக் கணினி மொழியை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர்! பத்துக்குப் பத்து அறையில உக்காந்து பேசிக் கத்துக்கிட்ட நம்மாளுங்க எத்தனை பேர். அவரோட குழு கருவியைவிட மனுஷங்க, நிர்வாகம், பயிற்சி இதுலதான் கோளாறுன்னுச்சு. ஆபரேட்டர்கள் அவசரத் தண்ணியைத் தொடாம விட்டிருந்தா இது சின்ன சம்பவமா முடிஞ்சிருக்கும்னுச்சு. டன்னோட குறிப்பு எங்கெங்க போய்த் தேங்கிச்சுன்னும் விலாவாரியா எழுதியிருக்காங்க.

விபத்துக்கு அப்புறம்தான் ராஸ்முசன் முறைக்கு மறுவாழ்வு. 1988-ல ஒவ்வொரு நிலையமும் தன் உலைக்குத் தானே இந்த மாதிரி ஆய்வு செய்யணும்னு அமெரிக்காவுல கேட்டாங்க. 1990-ல அஞ்சு நிலையத்துக்குப் புது ஆய்வு வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய மாற்றமாத் தெரியறது ஆபரேட்டர் கையேடு. முன்னாடி "இது எந்த விபத்துன்னு கண்டுபிடி, அப்புறம் அந்தப் பக்கத்தைத் திருப்பு"ன்னு இருந்தது. அப்புறம் அறிகுறியை வெச்சு நடன்னு மாத்தினாங்க. மயங்கி விழுந்தவருக்கு என்ன நோய்னு யோசிக்காம முதல்ல மூச்சு இருக்கா, நாடி இருக்கான்னு பார்க்கிற மாதிரி. மையம் உருகினதுக்கு அப்புறம் என்ன செய்யறதுங்கறதுக்கும் தனிக் கையேடு வந்தது. "உருகவே உருகாது"ன்னு சொல்றவங்க எழுத முடியாத கையேடு அது.

செர்னோபிலை (1986) வேணும்னேதான் தாண்டறேன், அது வேற மரத்துக் கிளை. நம்ம ஊர்ல ஒண்ணு உண்டு. 1993 மார்ச் 31, உத்தரப்பிரதேசத்துல நரோரா. டர்பைன் இறக்கை உடைஞ்சு, ஹைட்ரஜன் பத்தி, தீ கேபிள் வழியாப் பரவி, மாற்று ஏற்பாட்டோட கேபிளும் சேர்ந்து போச்சு. 17 மணி நேரம் நிலையத்துல கரண்டே இல்லை. ஆபரேட்டர்கள் டார்ச் லைட்டோட இருட்டுல ஏறி வால்வைக் கையால திறந்தாங்க, தீயணைக்கிற டீசல் பம்பை ஓட்டித் தண்ணி குடுத்தாங்க, உலை தப்பிச்சது. அவங்களைப் பத்தி நம்ம பாடப் புத்தகத்துல ஒரு வரியாவது இருக்கணும். ப்ரௌன்ஸ் ஃபெர்ரி நடந்து அப்ப 18 வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கோடு போட்ட பி? அது 2011 மார்ச் 11, ஃபுகுஷிமா. கரண்ட் போச்சு, சில மணி நேரத்துல வரல. 1 முதல் 4 வரைக்குமான உலைங்க நின்ன தரை 10 மீட்டர் உயரம். 15.7 மீட்டர் வரைக்கும் அலை வரலாம்னு டெப்கோ கம்பெனியோட சொந்தக் கணக்கே 2008-ல சொல்லிடுச்சு. இன்னும் ஆராயணும்னு வெளியே அனுப்பினாங்க. கண்காணிப்பு அமைப்புகிட்ட அந்த எண்ணைக் குடுத்த தேதி 2011 மார்ச் 7. அலை வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி. 1-வது உலையில கரண்ட் போனதும் ஒரு குளிர்விப்பு அமைப்போட வால்வு திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியாம, ஓடிட்டிருக்குன்னு நம்பிட்டிருந்தாங்க. கார் பேட்டரியைக் கழட்டி வந்து மீட்டருக்கு உயிர் குடுத்தாங்க. ராஸ்முசன் குழு அலசின பீச் பாட்டமும் இதுவும் ஒரே மாதிரி கவசக் கலம் உள்ள உலைங்க.

பீச் பாட்டம் இருக்கறது சஸ்குவேஹானா ஆத்தங்கரையில. அதே ஆத்துல மேலே போனா த்ரீ மைல் ஐலண்ட். அங்கே விபத்து நடக்காத 1-வது உலை 2019 வரைக்கும் ஓடி நின்னுச்சு. 2024 செப்டம்பர்ல அதைத் திரும்ப ஓட்டப் போறோம்னு உரிமையாளர் கம்பெனி அறிவிச்சது. மின்சாரம் 20 வருஷத்துக்கு மைக்ரோசாஃப்டுக்கு, டேட்டா சென்டர்களுக்காக. ஆக, நாம தட்டற பொட்டிக்கும் அந்தத் தீவுக்கும் தொடர்பு வந்தாச்சு. அதுவும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கட்டின உலைதான். அதோட ஆய்வறிக்கை கைக்குக் கிடைச்சா, கடைசிப் பக்க எண்ணை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அந்த வால்வு எந்தக் கிளையில இருக்குன்னு தேடுவேன்.